உருண்டைக்கு வைத்த சந்தனம்

அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருந்த நாகவல்லிக்கு 1995-இல் இருபத்துமூன்று வயது. அம்மா அங்கம்மா ஊரார் வயலில் நாற்று நட்டவள். வயலெல்லாம் மனையான பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கேன்டீனில் பாத்திரம் துலக்கினாள். மகளோ டைப்ரைட்டிங் முடித்து, ஆவடியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து, அதே எஸ்டேட்டில் ஏசி அறைக்குள் உட்கார்ந்து படம் வரைந்தாள். தகடு வெட்டும் அச்சு செய்கிற சின்னக் கம்பெனி அது. அந்த அறைக்குள் முதலாளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார்.

அங்கே இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்றில் நாகவல்லி, இன்னொன்றில் வசந்தா. இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே ரயிலில் வந்து பட்டரவாக்கத்தில் இறங்குகிறவர்கள், ஒருத்தி சாப்பாட்டில் இன்னொருத்தி கைவைக்காத நாள் கிடையாது. இருவருமே தற்காலிகம். தீபாவளிக்குள் ஒருத்தியை நிரந்தரமாக்குவோம் என்று வரைபட அறையின் பொறுப்பாளர் கங்காதரன் சொல்லியிருந்தார். "யாருக்குக் கெடச்சாலும் ஒண்ணுதான்டி" என்று வசந்தா சொன்னாள். நாகவல்லி அதை அப்படியே நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு என்ன காரணம்?

ஆயுத பூஜை வந்தது. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மிஷினுக்கும் சுற்றுகிற பாகத்தில்தான் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். மிஷினுக்கு உயிர் அங்கேதான் என்பது அவர்கள் கணக்கு. கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கும் வேலையைப் பெண்கள் இருவரிடமும் விட்டுவிட்டு, ஆண்களெல்லாம் பூசணிக்காய் உடைக்கப் போனார்கள்.

நாகவல்லிக்கு அன்று காலைதான் மாதவிலக்கு வந்திருந்தது. வசந்தாவின் காதோரம் அதைச் சொன்னாள்.

"அதுக்கின்னா இப்ப? நீ வெளியவே நில்லு. நான் ரெண்டுத்துக்கும் வெச்சிடறேன். யாருக்கும் சொல்லமாட்டேன்."

வசந்தா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கம்ப்யூட்டரில் சுற்றுகிற பாகம் எது என்று பார்த்திருக்கிறாள். மௌஸைத் திருப்பினால் வயிற்றில் உருண்டை. போதாதா? இரண்டு உருண்டைக்கும் தாராளமாகக் குழைத்து வைத்துவிட்டாள்.

பூஜைக்கு வைத்ததை மறுநாள்வரை யாரும் தொடவில்லை. சந்தனம் நிதானமாக உள்ளே இறங்கிக் காய்ந்தது.

அதற்கு அடுத்த நாள் நாகவல்லி மௌஸைப் பிடித்தால், திரையில் கர்சர் நகரவில்லை. இழுத்தால் திக்கித் திக்கி வந்தது, திடீரென்று தாவியது, மறுபடி செத்ததுபோல நின்றது. மேஜையைத் துடைத்தாள். அடியில் இருந்த ரப்பர் அட்டையை மாற்றினாள். ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். கம்ப்யூட்டரை நாலு முறை அணைத்துப் போட்டாள். வைரஸ் இருக்குமோ என்று பிளாப்பி போட்டும் பார்த்துவிட்டாள். ரிப்பேர்க்காரர் அடுத்த வாரம்தான் வருவேன் என்றார்.

"உன்துல நல்லா ஓடுதாடி?" என்று வசந்தாவைக் கேட்டாள்.

"எனுக்கு ஒண்ணுமில்லியே. நல்லாத்தான் ஓடிகினு கீது. உன் கைதான் நடுங்குது போல."

நாலாம் நாள் கர்சர் தாவிய தாவலில் ஒரு துளை இடம் மாறி விழுந்தது. அது தெரியாமல் படம் பட்டறைக்குப் போய், நல்ல தகடு ஒன்று வீணானது. கங்காதரன் எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். நாகவல்லி தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். ரயிலில் விரலை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஐந்தாம் நாள் மதியம் அறையில் யாரும் இல்லாதபோது மௌஸைத் திருப்பி, ஆத்திரத்தில் உருண்டையை நகத்தால் சுரண்டினாள். நகம் மஞ்சளானது. முகர்ந்தால் சந்தனம். சுற்றியிருந்த வளையத்தைத் திருகினாள், கழன்று வந்தது. உள்ளே இருந்த இரண்டு குட்டி உருளைகளிலும் சந்தனமும் குங்குமமும் அப்பிப் பாறையாகக் கிடந்தன. கொண்டை ஊசியால் நெம்பி எடுத்துத் துடைத்துப் போட்டாள். கர்சர் வழுக்கிக்கொண்டு ஓடியது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வசந்தாவுடையதையும் சுத்தம் பண்ணிவிடுவோமே என்று, பாவம், அதையும் திறந்தாள். உருளைகள் பளிச்சென்று இருந்தன. வளையத்தின் இடுக்கில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருந்தது. வசந்தாவுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தன்னுடையதை மட்டும் துடைத்துக்கொண்டு, ஐந்து நாளாக வேடிக்கை பார்த்திருக்கிறாள். நாகவல்லி வளையத்தைத் திருகி மூடி, மௌஸை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் வந்தார்கள். காய்ந்த சந்தனத்தைக் காகிதத்தில் வைத்து அவள் நீட்டியதும் கங்காதரன் சீறினார். "எந்தப் புத்திசாலி உள்ள சந்தனத்த வெச்சது?"

நாகவல்லி வாய் திறப்பதற்குள் வசந்தா முந்திக்கொண்டாள்.

"வல்லிதான் சார். ரெண்டு மிஷினுக்கும் அவதான் வெச்சா. நான் வெளிய நின்னுகினு இருந்தேன்."

சுற்றி ஆறு ஆண்கள். வெளியே நின்றது நான்தான் என்று சொன்னால், ஏன் நின்றாய் என்று கேட்பார்கள். நாகவல்லி வசந்தாவைப் பார்த்தாள். வசந்தா திரையைப் பார்த்தாள்.

"செய்யிறதையும் செஞ்சிட்டு அஞ்சு நாளா நாடகம் வேறயா? வெள்ளிக்கிழமையோட நின்னுக்கம்மா" என்றார் கங்காதரன்.

நாகவல்லி வராந்தாத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் வசந்தாவும் வந்து பக்கத்தில் நின்றாள்.

"கோச்சிக்காதடி. எனுக்கு இந்த வேல வேணும்."

"நீ இன்னா சொன்னேன்னு உனுக்குத் தெரிதா வசந்தா?"

"தெரியும். நீ அத ஆம்பளைங்க முன்னாடி சொல்லமாட்டேன்னும் தெரியும்."

வேலை போனதுகூட நாகவல்லிக்கு அவ்வளவு வலிக்கவில்லை. நம்பிக் காதோரம் சொன்னதை, தன் வெட்கத்தை, இவள் எடைபோட்டு வைத்திருந்தாளே என்பதுதான் நெஞ்சை அறுத்தது. முகத்தைக் கழுவினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு நேரே உள்ளே போனாள்.

"சார், பூஜையன்னிக்கு நான் ஊட்டுக்குத் தூரம். அதான் உள்ள வரல. வெளிய நின்னது நானு. பொட்டு வெச்சது வசந்தா."

ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கங்காதரன் மேஜை மேல் இருந்த ஸ்கேலை எடுத்தார், வைத்தார். பிறகு, "சரிம்மா, போய் உன் எடத்துல உக்காரு" என்றார்.

தீபாவளிக்கு முன்பே அவளை நிரந்தரமாக்கினார்கள். அந்த அறையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். வசந்தா வேலையை விட்டுப் போன பிறகு அந்த நாற்காலிக்கு எத்தனையோ பெண்கள் வந்தார்கள், நல்ல பெண்கள், ஒட்டிக்கொண்டு பழகினார்கள். மாதத்தில் மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளை, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். ஆறு ஆண்கள் முன்னால் அதைச் சொன்ன நாகவல்லி, அந்தப் பெண்களில் ஒருத்தியிடம்கூடச் சொன்னதில்லை.