மஞ்சள் தலைக்கவசம் அணிந்த வேடன்

தளராமை நல்ல குரலினும் அரியது. குரலை இறைவன் பிறப்பிலேயே தந்துவிடுகிறான். தளராமையையோ மேடையில் நின்று தானே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனைத் தேடிக்கொண்டவள் நெய்வேலி நகரியத்து அகிலா.

அவள் தந்தை பரமசிவம் சுரங்க வேலைக்காகப் புதுக்கோட்டையிலிருந்து குடிவந்தவர். கூடவே கொண்டுவந்த சொத்து இசைநாடகப் பித்து ஒன்றே. மகள் கல்லூரி முடித்ததும் நாடகத்துக்கே போவேன் என்றாள். தாய் விஜயகுமாரி கெடு வைத்தாள்.

"பங்குனி உத்திரத்துல வள்ளி வேஷம் கட்டுறீல்ல? நம்ம புதுக்கோட்டை நாடக ஏஜென்ட் ராயப்பன் பாக்க வர்றாரு. அவரு உன்னய சீசனுக்குப் பேசிட்டா போ. இல்லாட்டி பேங்க் பரீட்சைக்குப் படிக்கணும்."

2014ஆம் ஆண்டு உத்திரத்தன்று மாலை, வில்லுடையான்பட்டு முருகன் கோயிலருகே போட்ட மேடையில் அகிலா பரணேறிக் கவண் சுழற்றி, தினை கவரும் பறவைகளை விரட்டி ஆலோலம் பாடினாள். பாட்டு முடிகையில் முருகன் வேடனாக வரவேண்டும். வரவில்லை.

ஆர்மோனியக்காரர் நெடுமாறன் கையெடுக்காமலே முணுமுணுத்தார்: "முருகன் வேஷம் கட்டுற செங்குட்டுவன் மைன்ஸுலயே மாட்டிகினு இருந்தாரும்மா. அடுத்த ஷிப்டு ரிலீவர் இப்பதான் வந்தானாம். பாடிகினே இரு."

முன்வரிசையில் ராயப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காக்கை, குருவி, மயில் எல்லாவற்றையும் விரட்டியாயிற்று. இனி எதனை விரட்டுவது? கூட்டத்தில், நகரியத்தின் ஆறாம் பிளாக்கில் குடியிருக்கும் ஒருத்தி சிரித்தாள். அகிலா அவளையே நோக்கி, இராகம் பிசகாமல் எடுத்தாள்:

"ஆறாம் பிளாக்குப் பச்சைக்கிளியே, ஆலோலம்!
அடுத்த ஷிப்டு வந்தாச்சு, பறந்துபோ, ஆலோலம்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"எங்க பிளாக்குக்கு ஒண்ணு பாடும்மா!"

"கான்ட்ராக்டுகாரனுக்குப் பறவ இல்லியா?"

குவார்ட்டர்ஸ் மைனா பறந்தது. பர்மனென்ட் ஆகாத கொக்கும் பறந்தது. கேட்டவர்க்கெல்லாம் ஒரு பறவை கிடைத்தது. ராயப்பன் கடிகாரத்தை மறந்தார்.

அவ்வேளையில் செங்குட்டுவன் வண்டியை விட்டுக் குதித்து, வேலைச் சீருடையோடும் மஞ்சள் தலைக்கவசத்தோடும் மேடையேறிவிட்டார். கூட்டம் திகைத்தது. அகிலா திகைக்கவில்லை.

"வேடர் என்கிறீர், வில் எங்கே? தலையில் ஏன் மஞ்சள் சட்டி?"

மூச்சிரைக்க நின்றவர் சொன்னார்: "எங்க காட்டுல மேலருந்து கல்லு வுழும், பொண்ணே. உன்னத் தேடிகினு பூமியக் குடைஞ்சி வந்தேன்!"

"குடைந்து வந்தவர் முகத்தைக் கழுவி வரலாகாதோ?"

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. நாடகம் முடிந்ததும் விஜயகுமாரி தயங்கித் தயங்கி ராயப்பனிடம் போனாள்.

"அண்ணே, முருகன் இப்புடி வந்து நின்னுட்டாரேன்னு தப்பா நெனைக்காதீங்க."

"அட, முன்னாடியே பேசிவச்சுக் கட்டின சீன் இல்லையா அது!" ராயப்பன் வியந்தார். "நம்ம ஊர்ப்பக்கம் ஒத்திகையே கெடையாதுன்னு உனக்குத் தெரியாதா, தங்கச்சி? எதிர்ல யாரு நிப்பாகன்னு மேடையிலதான் தெரியும். ஆளில்லாம மேடையக் காத்த புள்ளதான் எனக்கு வேணும். சித்திரைக்கு அனுப்பிவையி."

விஜயகுமாரி மகளிடம் திரும்பினாள். "போயிட்டு வாடி. ஆனா பிளாக்குப் பாட்டெல்லாம் அங்க பாடிப்புடாத, ஒருத்தருக்கும் வெளங்காது."

அந்தச் சித்திரை தொடங்கி ஆண்டுதோறும் தென்னாட்டுத் திருவிழா மேடைகளில் அகிலா பாடினாள். நாலைந்து ஆண்டுகளில் சுவரொட்டிகளில் 'நெய்வேலி அகிலா' என்ற பெயர் முதல்வரிக்கு ஏறியது. அதைக் காண்பதற்கென்றே விடுப்பெடுத்துப் பேருந்தேறுவார் பரமசிவம். உடன்செல்லும் விஜயகுமாரி முன்வரிசையில் இடம்பிடிப்பாள்.

அவ்வீட்டில் சோறும் சுருதியும் என்றும் குறையாதிருக்க! தந்தையும் தாயும் நெடிது வாழ்ந்து மகளின் பாட்டுக்குச் செவிகொடுக்க! வள்ளி மணாளன் அக்குடியைக் கண்ணிமைபோல் காக்க!