தலைப்பாகைக்காக இடித்த வாசல்

ஒரு கூரையின் கீழ் இரண்டு வீடுகள். அதில் வலப்பக்கத்துப் பாதி எங்களுடையது. மற்றப் பாதியில் ஒரு வெள்ளைக்கார மனுஷி இருக்கிறார். ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்த எங்கள் ஆட்களில் அந்தத் தெருவில் முதலில் வீடு வாங்கியவர்கள் நாங்கள்தான். அதை இப்போதும் சொல்லிக்கொள்வேன்.

வாங்கும்போது வாசலில் ஒரு செங்கல் வளைவு இருந்தது. பதிவானது, உயரம் குறைந்தது; பக்கத்துப் பாதியிலும் அதே மாதிரி. சற்று உயரமான ஆள் என்றால் குனிந்துதான் உள்ளே வரவேண்டும். சன்னல்களில் உள்ளங்கை அளவு கண்ணாடித் துண்டுகள். எனக்கு அது ஒரு இருட்டு வீடாகத்தான் பட்டது.

மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை நல்ல நெடுவல். தாலி கட்டிய பிறகு அவர் தலைப்பாகையோடு எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். அந்தத் தலைப்பாகை வாசலில் முட்டி நிலத்தில் விழுந்தால்? எத்தனை சனம் பார்த்துக்கொண்டு நிற்கும்! அபசகுனம் என்று ஆயுளுக்கும் சொல்லுவார்கள். வளைவையும் அதன் மேல் இறங்கிய கூரை விளிம்பையும் இடிப்பித்தேன். கலியாண மண்டபத்தில் இருப்பதுபோல இரண்டு வெள்ளைத் தூண்கள் வைப்பித்தேன். அதோடு சன்னல்களையும் கழற்றி வெள்ளை பிளாஸ்டிக் சன்னல் போட்டோம். மாப்பிள்ளை நிமிர்ந்தபடி உள்ளே வந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்தது.

போன கோடையில் பக்கத்து வீட்டு மனுஷி மகளிடம் ஒரு செய்தி சொன்னார். இந்த வீடுகளைக் கட்டியவர் பெரிய பேர் எடுத்தவர் இல்லையாம், இந்தப் பகுதியில் மட்டும் கட்டியவராம். கதவுக் கொண்டி, ஓடு, செங்கல் எல்லாம் மெஷினில் செய்யாமல் மனிதர் கையால் செய்யவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவராம். அவர் கட்டிய வீடுகளைப் பார்க்க ஒரு கூட்டம் ஞாயிற்றுக்கிழமை தெருத் தெருவாக நடந்து வரப்போகிறதாம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். படித்தவர்கள் என் வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்றால் சும்மா இருப்பேனா? வாசலில் நிறைகுடம் வைத்தேன். கூறைச்சேலைக்கு அடுத்தபடியான சேலையை எடுத்து உடுத்தேன். கோயிலில் பழக்கமான ஒருத்தி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், என்னிலும் இளையவள். அவளையும் கூப்பிட்டேன்.

"என்னக்கா, திரும்பவும் ஒரு கலியாணமோ?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

"பகிடியை விட்டிட்டு வடிவா நில். வருகினம்."

கூட்டம் எங்கள் படலை வாசலுக்கு வரவில்லை. தெருவின் அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டது. கூட்டிவந்த பெண் ஏதோ சொன்னார். உடனே எல்லோரும் எங்களைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார்கள்.

"அக்கா, உங்களுக்குத்தான் கைகாட்டினம்! நீங்களும் காட்டுங்கோ!"

நானும் காட்டினேன். சிரித்துக்கொண்டு, வளையல் குலுங்கக் காட்டினேன். அவர்களில் இரண்டு மூன்று பேர் சட்டென்று கையை இறக்கி நிலத்தைப் பார்த்தார்கள்.

"என்ன பிள்ளை சொல்லுறா அவ?" என்று பக்கத்தில் நின்ற மகளைக் கேட்டேன்.

"ஒண்டுமில்லையம்மா. கூரையைப் பற்றி."

"கூரைக்கு ஏன் உன்ர முகம் இப்பிடிப் போகுது?"

அவள் உள்ளே போய்விட்டாள். கூட்டம் அடுத்த தெருவுக்குப் போனது. தோழியும் வீட்டில் சமையல் கிடக்கிறது என்று ஓடிவிட்டாள். நான் தெருவைக் கடந்து அவர்கள் நின்ற இடத்தில் போய் நின்றேன். இத்தனை வருஷத்தில் அங்கே நின்று என் வீட்டை நான் பார்த்ததில்லை. அவர்கள் தூக்கியதுபோல உள்ளங்கையை முகத்துக்கு முன்னால் தூக்கினேன். என் பாதி மறைந்தது. அதை மறைக்கத்தான் அவர்கள் கை தூக்கியது. மற்றப் பாதியில் கூரை தோள் மாதிரிச் சரிந்து இறங்கி, அந்தப் பதிவான வளைவின் மேல் வந்து நின்றது. கையை எடுத்தேன். அந்தத் தோளுக்கு இந்தப் பக்கத்தில் சோடி இல்லை. இரண்டு வெள்ளைத் தூண்களும் பிளாஸ்டிக்கும்தான் பளபளவென்று நின்றன. அவர் கட்டியது இரண்டு வீடு இல்லை, ஒரு முகம். அதில் பாதியை நான் இடித்திருக்கிறேன். அதன் முன்னால் நிறைகுடமும் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

நிறைகுடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால், அங்கே தோழி பெண்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "அவ்வளவு வெள்ளைக்காரரும் நிண்டு அக்காவுக்குக் கைகாட்டினவை!" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அம்மனைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் அவள் கேட்டாள்: "அக்கா, அந்தத் தூண் ஆர் போட்டுத் தந்தது? மகனுக்குச் சம்பந்தம் பேசுறம். எங்கட வாசலும் அதே கூனல் வாசல்தானே. இடிப்பம் எண்டு யோசிக்கிறன்."

அவளுடையதும் அந்த மனிதர் கட்டிய வீடுதான். வளைவு இன்னும் அப்படியே இருக்கிறது.

"இடியாதை," என்றேன்.

"ஏனக்கா?"

நான் பஸ் வருகிறதா என்று தெருவைப் பார்த்தேன்.

"ஓமோம், விளங்குது. தூண் உங்கட வீட்டில மட்டும் இருக்கவேணுமாக்கும்."

பஸ்ஸில் அவள் முன்னுக்குப் போய்த் தனியே இருந்தாள். நான் பின்னால் இருந்து அவளுடைய கொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இப்படிக் கோபித்துக்கொண்டு போனால், நாளைக்கே ஆளைப் பிடித்து இடித்துவிடுவாள். எழும்பினேன். கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தங்கச்சி," என்றேன், "அண்டைக்கு அவையள் எனக்குக் கைகாட்டேல்லை."