பின்னாலிருந்து படித்த ஆட்டம்

யோகலட்சுமி சுவரில் பந்தடிக்கத் தொடங்கிவிட்டால், பினாங்கின் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிப் பெண்கள் கொடியில் காயும் துணியை எடுக்க வந்துவிடுவார்கள். மாலையாகிவிட்டது என்று அவர்களுக்கு அதுதான் கணக்கு. அவளுக்கு பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் கிளார்க் வேலை. வேலை விட்டு பஸ் பிடித்து வருவாள், ட்ராக்சூட்டை மாட்டிக்கொள்வாள், கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய வெறுஞ்சுவருக்கு முன்னால் போய் நிற்பாள். பத்து விரல் நுனியிலும் ஏந்தி அவள் உயர்த்திவிடும் பந்து, சுவரில் ஒரே இடத்தில் பட்டு அவள் கைக்கே திரும்பி வரும். முப்பத்தாறு வயதில் இதென்ன விளையாட்டு என்று கேட்க நினைத்தவர்களெல்லாம் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரியான அவள் தாயார் மட்டும் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து இன்னும் விடவில்லை.

"பிள்ளை, அந்தச் சுவருக்கு நோகாதோ? வந்து தேத்தண்ணியைக் குடி."

அவள் பந்துக்கு இப்போது அந்தச் சுவர் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் ஐந்து பெண்கள் நின்றார்கள். பினாங்கு அலுவலகங்களின் பெண்கள் கைப்பந்துக் குழுவில் யோகலட்சுமிதான் பந்தை உயர்த்திக் கொடுப்பவள். மற்றவர்கள் எகிறி அடிப்பார்கள், கைதட்டலும் அவர்களுக்குத்தான். அதில் அவளுக்கு வருத்தமே கிடையாது; தான் எங்கே வைத்தாளோ அங்கே வந்து ஒருத்தி அடிக்கிறாள் என்பதே அவளுக்குப் போதும். ஒரு வருடம் மாநிலக் கோப்பையையும் வாங்கினார்கள். அதற்கப்புறம் ஒருத்தி கல்யாணமாகி ஈப்போவுக்குப் போனாள், ஒருத்திக்குக் கோலாலம்பூரில் வேலை, ஒருத்திக்கு முழங்கால், இன்னொருத்திக்கு இரட்டைப் பிள்ளை. கடைசியாக மிஞ்சிய ஒருத்தியும் ஒரு நாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. சண்டை போட்டுப் பிரிந்திருந்தாலாவது நிம்மதியாகத் திட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு சொல் கூடப் பேசாமல் கலைந்த குழுவை யாரிடம் போய்த் திட்டுவது?

இந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் கிடைத்தது ஒரு படக்கதைப் புத்தகத்தில்.

சௌராஸ்தா மார்க்கெட் பக்கத்தில் நூர் முகம்மது பாய் பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். வாடகைக்குப் போகும் படக்கதைகளின் பாகங்களை நாலைந்தாகச் சேர்த்து, கெட்டி அட்டை போட்டு, தலையணை மாதிரி பைண்டு செய்து வைப்பது அவர் வழக்கம். அப்படி ஒரு தலையணையின் நடுவில் வலையும் பந்தும் தெரியவே யோகலட்சுமி அதை எடுத்துப் போனாள். ஜப்பான்காரன் வரைந்தது, சீன எழுத்தில் அச்சடித்தது. சீனத்தில் அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. படம்தானே என்று, தமிழ்ப் புத்தகத்தையும் இங்கிலீஷ் புத்தகத்தையும் எப்படித் திறப்பாளோ அப்படித் திறந்தாள். இடப்பக்கத்து அட்டையைப் புரட்டி, இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

முதல் பக்கத்திலேயே கோப்பை. ஆறு பெண்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அடடா, வெற்றியில் தொடங்குகிறதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். போகப் போக ஆட்டங்கள் சிறியவையாகின்றன, கூட்டம் குறைகிறது, தோல்விகள் வருகின்றன. பெண்கள் ஒவ்வொருத்தியாகக் காணாமல் போகிறார்கள். கடைசித் தோழி பள்ளிக்கூடக் கேட் அருகில் நின்று கையை உயர்த்துகிறாள், விடைபெறுகிறாள். கடைசிப் பக்கத்தில் ஒரு பெண், ஒரு பந்து, ஒரு சுவர். அவள் முகத்தில் சிரிப்பு.

யோகலட்சுமி அன்று அழுதாள். துக்கத்தில் இல்லை. எல்லாரும் போன பிறகும் ஒருத்தி சுவரோடு ஆடிக்கொண்டு சிரிக்கலாம், அதுவும் ஒரு முடிவுதான், நல்ல முடிவுதான் என்று எங்கோ ஒருவன் தனக்காகவே வரைந்து வைத்திருக்கிறான் என்று தோன்றிவிட்டது. மறுநாளே ஒதுக்கி வைத்திருந்த பந்துக்குக் காற்றடித்தாள்.

ஒரே ஓர் இடம்தான் உதைத்தது. படங்களில் முதலில் ஒருத்தி ஓங்கி அடிக்கிறாள், அதற்கப்புறம் இன்னொருத்தி பந்தை உயர்த்திக் கொடுக்கிறாள், அதற்கும் அப்புறம் மூன்றாமவள் தரையிலிருந்து எடுக்கிறாள். ஆடத் தெரியாதவளாக இருந்தால் குழம்பியிருப்பாள். யோகலட்சுமி ஆடியவள், ஆகவே அதற்கொரு விளக்கமும் கண்டுபிடித்தாள். ஜப்பான்காரன் கெட்டிக்காரன், அடியை முதலில் காட்டிவிட்டு, அது எந்தக் கையிலிருந்து வந்தது என்று பின்னாலேயே காட்டிக்கொடுக்கிறான்! பந்து தூக்கிக் கொடுப்பவளுக்கு இதைவிட மரியாதை யார் செய்வார்கள்?

இந்த விளக்கம் அவளுக்குப் பாய் கடையில் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது. கடையின் பின்னறையில் ஒரு டிவியும் வீடியோ டெக்கும் உண்டு. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் ஒரு சிறு கூட்டம் அங்கே கூடும். அக்கரையில் புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் டெக்னீஷியன் நல்லமுத்து, மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறி வருவான். முப்பது தாண்டியவன், கண்ணாடிக்காரன், விளையாட்டு என்றால் முகம் சுளிப்பவன். மலாய் நர்ஸ் ரோஹானா, ஜப்பானில் படிக்கும் தம்பி அனுப்பும் கேசட்டுகளைக் கைப்பையில் சுமந்து வருவாள். ஜப்பான் பாஷை யாருக்கும் தெரியாது. ஒரு வார்த்தை புரியாமல் மூன்று மணி நேரம் படம் பார்ப்பதிலும், பார்த்ததற்கு அர்த்தம் சொல்லிச் சண்டை போடுவதிலும் அவர்களை மிஞ்ச பினாங்கில் ஆள் கிடையாது.

நல்லமுத்துவின் கட்சி வேறு. கல்லூரி ஒன்றில் படக்கதைப் பைத்தியங்கள் நாலு பேர் ஓர் அறையில் அடைந்துகொண்டு வரைவது, ரோபோ பொம்மை ஒட்டுவது, கதாபாத்திரம் மாதிரி வேஷம் கட்டுவது, இதைத் தவிர எதுவும் செய்யாத ஒரு படக்கதைதான் அவனுக்கு வேதம்.

"உங்க ஸ்போர்ட்ஸ் கதை எல்லாம் ஒண்ணுதான் லா, அக்கா. பிரக்டிஸ் பண்ணு, அழு, ஜெயி. எங்காளுங்களப் பாருங்க. ஒருத்தனும் எதுலயும் ஜெயிக்க மாட்டான். ஆனா சனிக்கிழமை வந்தா எல்லாவனும் கரெக்டா வந்துருவான். அதான் உண்மை."

"என் கதையிலயும் யாரும் ஜெயிச்சு முடிக்கல, முத்து. முடிவைப் பார்க்காம பேசாதே."

"சரி, அப்ப புத்தகம் ஒசத்தியா, கார்ட்டூன் ஒசத்தியா?" பாய் தேநீரை வைத்துக்கொண்டே எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவார்.

யோகலட்சுமி நிதானமாகச் சொல்வாள். "கார்ட்டூன்ல பந்து இந்த வாரம் மேல போனா அடுத்த வாரம்தான் கீழ வருது, பாய். என்ன ஆகும் என்ன ஆகும்னு காக்க வைக்கிறான். புத்தகத்துல முடிவை மொதல்ல குடுத்துடறான். அப்புறம் யாரால ஆச்சுன்னு நாமதான் தேடிப் போகணும். அது பெரியவங்களுக்கு உள்ளது."

இவ்வளவு ஆழமாகத் தனக்குத் தோன்றவில்லையே என்று நல்லமுத்து ஃபெர்ரியில் நின்று யோசித்துக்கொண்டே போவான்.

அப்படியிருக்க, தொண்ணூற்று மூன்றாம் வருடம் நோன்புப் பெருநாள் கழிந்த ஒரு சனிக்கிழமை, ரோஹானா கேசட்டை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். அதே கதை, கார்ட்டூனாக! யோகலட்சுமி டிவிக்கு முன்னால் நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். எல்லாரையும் உட்கார வைத்து முன்னுரையே கொடுத்தாள். கைக்குட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லாரும் போய்விடுவார்கள், கடைசியில் அவளும் சுவரும்தான் என்றாள். பாய் கதவைச் சாத்தினார்.

படம் கொஞ்சம் நடுங்கியது. நடுக்கம் நின்றதும் திரையில் ஒரு சுவர். ஒரு பெண் தனியாகப் பந்தடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, ரோஹானா! இது கடைசி. கேசட்டைத் திருப்பிச் சுத்தவே இல்லையா? மொதல்லேருந்து போடு."

ரோஹானா சுற்றினாள். டெக் டக்கென்று நின்றது, சுற்ற மிச்சமில்லை. மறுபடியும் அதே சுவர், அதே பெண். அப்புறம் பாட்டு வந்தது, பெயர்கள் ஓடின. பள்ளிக்கூடக் கேட்டில் ஒருத்தி கையை உயர்த்திக்கொண்டு நின்றாள். யோகலட்சுமிக்கு மனப்பாடமான கை அது. அந்தக் கைக்காரி போகவில்லை. நேராக உள்ளே நடந்து வந்தாள், சுவர் வரைக்கும். போய் வருகிறேன் என்று சொல்வதாக யோகலட்சுமி நினைத்திருந்த கை, நானும் வரட்டுமா என்று கேட்ட கை.

நல்லமுத்து எழுந்து போய் அலமாரியிலிருந்து தலையணைப் புத்தகத்தை எடுத்து வந்தான். "அக்கா, இதை எந்தப் பக்கத்துலேருந்து படிச்சீங்க?"

அவள் இடப்பக்கத்து அட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"அக்கா... இது வலது பக்கத்துலேருந்து லா. ஜப்பான் படக்கதை எல்லாம், சீனத்துல அச்சடிச்சாலும், இந்தப் பக்கம்தான் ஆரம்பம்." சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப அந்த அடி மொதல்ல, கை அப்புறம்... அந்தத் தியரி? நான் ஃபேக்டரி முழுக்கச் சொல்லி வச்சிருக்கேனே!"

பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரோஹானா உதட்டைக் கடித்துப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள். யோகலட்சுமியும் சிரித்தாள், எல்லாரையும்விடச் சத்தமாகவே சிரித்தாள். அப்புறம் தலைவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

பஸ்ஸில்தான் இழந்தது என்னவென்று புரிந்தது. அசடு வழிந்தது ஒரு புறம் இருக்கட்டும், அதை இன்னொரு நாள் சிரித்துக் கழித்துவிடலாம். அந்தச் சுவர்ப் பெண் அல்லவா போய்விட்டாள்! எல்லாம் முடிந்த பிறகும் சிரித்தவள் என்று நம்பித்தானே இத்தனை நாள் பந்தடித்தாள்? அவளோ எதுவுமே இன்னும் நடக்காததால் சிரித்த சின்னப் பிள்ளை. யோகலட்சுமிக்குத் தன்னைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பந்தை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போகவில்லை, அதற்கடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. அடுக்குமாடியில் துணிகள் இருட்டும்வரை கொடியிலேயே கிடந்தன.

"சுவர் உன்னைத் தேடுது பிள்ளை," என்றார் தாயார். அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

ரோஹானாதான் வந்தாள், ஆஸ்பத்திரி உடுப்போடு, கையில் அந்தத் தலையணையோடு. தாயார் நீட்டிய வடையைத் தின்றுகொண்டே மலாயில் அக்கா என்று கூப்பிட்டுச் சொன்னாள்: காக் யோகா, நான் இதை உங்கள் வழியில் படித்துப் பார்த்தேன், இடமிருந்து. வார்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நல்லமுத்துவும் படித்தான், கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று பொய் சொல்கிறான். சரியான வழியில் படித்தால் இந்த மாதிரி நூறு கதை கிடைக்கும். உங்கள் கதை ஒன்றுதான் இருக்கிறது.

அவள் போன பிறகு யோகலட்சுமி புத்தகத்தை மடியில் வைத்து, முதல் தடவையாக வலப்பக்கத்து அட்டையைத் திறந்தாள். சுவர், பந்து, சிரிப்பு. அடுத்தது கேட்டில் நின்ற தோழியின் கை. அதற்கடுத்த படத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. தோழி கேட்டு முடிப்பதற்குள் சுவர்ப் பெண் பந்தை அவள் மேல் வீசிவிட்டிருந்தாள். இடமிருந்து படித்தபோது, போகிறவள் பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறாள் என்றுதான் அது தெரிந்தது. இப்போது பார்த்தால், கதையையே தொடங்கி வைத்தது அந்த வீச்சுதான்.

யோகலட்சுமிக்குக் கோபம் வந்தது, தன் மேல்தான். மாநிலத்திலேயே நல்ல கை என்று பெயரெடுத்தவள், இத்தனை வருடமாகச் சுவருக்கே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு மனிதர் மேல்கூட வீசிப் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பந்தோடு கடைக்குப் போனாள். நல்லமுத்து முதுகைக் காட்டிக்கொண்டு, விளையாட்டுக் கதைகளெல்லாம் ஏன் ஒன்றுபோல் இருக்கின்றன என்று பாய்க்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"முத்து, பிடி!"

பிடிக்கவில்லை. திரும்பிய முகத்தில் பட்டு, கண்ணாடி ஒரு பக்கம், தேநீர் மறு பக்கம். "என் புத்தகம்! என் புத்தகம்!" என்று பாய் கத்தினார். நல்லமுத்து தரையில் தடவிக் கண்ணாடியை எடுத்தான், அதன் காதுக்கம்பி ஒன்று உடைந்திருந்தது. பந்தையும் எடுத்தான். ஆயுசில் முதல் தடவையாகப் பந்தைத் தொடுகிறவன்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இத எங்க புடிச்சு அடிக்கறது, அக்கா?"

"வா, வெளிய வா, காட்டறேன். பாய், நீங்களும் வாங்க. ரோஹானா, செருப்பைக் கழட்டு."

அப்படித்தான் ஆயர் ஈத்தாம் திடலில் அந்த அதிசயக் குழு கூடியது. ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸைக் கூட்டி வந்தாள், ஃபேக்டரியிலிருந்து ஒருவன் வந்தான். வயிறும் தாடியுமாக நூர் முகம்மது பாய் பின்வரிசையில் நின்றார். ஆடிய ஆட்டத்தைவிடப் படித்த ஆட்டம் அதிகம் உள்ளவர்கள். எப்படி எகிற வேண்டும் என்று ஒவ்வொருவரும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். எகிறத்தான் யாருக்கும் வராது.

சில மாதங்கள் கழித்து துறைமுகத்துப் பக்க அலுவலகம் ஒன்று போனால் போகிறதென்று இவர்களோடு ஓர் ஆட்டம் ஆடச் சம்மதித்தது. இரண்டாவது செட்டில் ஒரு பந்தை ரோஹானா தரையோடு தரையாக விழுந்து எடுத்தாள். யோகலட்சுமி அதை விரல் நுனியில் வாங்கி, வலைக்கு மேலே, அவன் எங்கே வரவேண்டுமோ சரியாக அங்கே வைத்தாள். நல்லமுத்து எகிறினான். கார்ட்டூனாக இருந்தால் ஒரு வாரம் ஆகாயத்தில் நின்றிருப்பான். இது ஆயர் ஈத்தாம், ஆகவே உடனே வந்து வலையில் விழுந்தான், பந்தோடு. தோற்றார்கள், நன்றாகவே தோற்றார்கள். எதிர்க் குழு சிரித்துக்கொண்டே பைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

யோகலட்சுமி குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்த்தாள். நிமிர்ந்தால் யாரும் இருக்கமாட்டார்கள் என்று உள்ளுக்குள் ஒரு பயம், பழைய பழக்கம். சற்று மெதுவாகவே நிமிர்ந்தாள். எல்லாரும் அங்கேயே இருந்தார்கள். பாய் புல்லில் மல்லாந்து கிடந்தார். ரோஹானா முழங்கை மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். காதுக்கம்பியில் பிளாஸ்டர் ஒட்டிய கண்ணாடியோடு நல்லமுத்து பந்தை அணைத்தபடி அவளிடம் வந்தான்.

"அந்தப் பந்து செம அழகா வந்துச்சு, அக்கா. அடுத்த சனிக்கிழமை அதே மாதிரி ஒண்ணு குடுங்க."