சாரதாம்பாளும் நீலத் திரையும்

நாகமலை புதுக்கோட்டையில் ஆய்வேடு அடிக்க வேண்டுமென்றால் சாரதாம்பாள் வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். டைப்ரைட்டர் காலத்திலிருந்தே பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளுக்கு அடித்துக் கொடுக்கிறாள். எப்பேர்ப்பட்ட கோழிக் கிறுக்கலையும் படித்துவிடுவாள். ஆனால் சொந்தக் கம்ப்யூட்டர் காட்டும் எச்சரிக்கையை மட்டும் அவளால் படிக்க முடிந்ததில்லை. பால் பொங்குகிறதா என்று பார்க்க அடுப்படிக்குள் போய்த் திரும்புவதற்குள் கணவர் சௌரிராஜன் அதை அழுத்தி மறைத்திருப்பார்.

ஜவுளிக்கடை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் அவளுக்குப் பின்னாலேயே ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். உதவியாம்.

அன்று சனிக்கிழமை. முத்துமீனா என்ற பெண்ணின் ஆய்வேடு, கண்மாய்ப் பாசனம் பற்றியது, திங்களன்று ஒப்படைக்க வேண்டும். நான்காம் இயலின் பாதியில் திரை நீலமாகி, ஒரு சோக முகத்தைக் காட்டிவிட்டு அணைந்தது. மறுபடி உயிர் வந்து, கொஞ்ச நேரம் ஓடி, மறுபடி நீலம்.

"காலையில ஏதோ மெசேஜ் வந்துச்சு," என்றார் சௌரிராஜன்.

"என்ன போட்டிருந்துச்சு?"

"ஏதோ இங்கிலீஷ்ல. ஓகே குடுத்துட்டேன்."

"ஏதோன்னா?"

"மெமரின்னு இருந்த மாதிரி இருந்துச்சு. இல்ல, மெசேஜோ?"

அவர்கள் வீட்டில் பேச்செல்லாம் சௌராஷ்டிரத்தில்தான். கம்ப்யூட்டர் சண்டைக்கு மட்டும் தமிழ். அன்று காலையிலிருந்து தமிழாகவே ஓடியது.

சூடுதான் காரணம் என்று டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் முன் வைத்தார். முத்துமீனாவின் தாள்கள் கூடமெங்கும் பறந்தன. சாரதாம்பாள் குனிந்து பொறுக்கி வரிசைப்படுத்தி முடிப்பதற்குள் திரை மறுபடி நீலம்.

கோரிப்பாளையத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் சூரியபிரகாஷுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ஃபார்மட் அடிச்சிரலாம். எல்லாம் க்ளீன் ஆயிரும்."

"உள்ள இருக்கிற ஆய்வேடும் சேர்த்துத்தானே க்ளீன் ஆகும்?"

"அது ஆகத்தான் செய்யும்," என்றான் அவன், கொஞ்சமும் வருத்தமில்லாமல்.

போனை வைத்தாள். அந்தக் கோபத்தில்தான் அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்தது. அடுத்த முறை நீலம் வரும் என்று செல்போன் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "எம்புட்டு நேரந்தான் அதை மொறச்சுக்கிட்டே இருப்ப?" என்று அவர் கேட்டார். நீலம் வந்தது. படம் எடுத்தாள்.

படத்தைப் பெரிதாக்கினால், கீழே பொடி எழுத்தில் ஒரு ஃபைல் பெயர். இணையத்தில் தேடினாள். அது ஒரு ஆன்டிவைரஸைச் சேர்ந்தது. அவள் போட்டிருப்பதோ வேறொன்று.

மெல்லத் திரும்பினாள். சௌரிராஜன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நீங்க எதையாச்சும் ஏத்துனீங்களா?"

"போன வாரம் உன் கம்ப்யூட்டருக்கு ஆபத்துன்னு வந்துச்சு. பயந்துட்டேன். அதுவே ஒண்ணு குடுத்துச்சு, போட்டுட்டேன்."

"ஏற்கெனவே ஒண்ணு இருக்குல்ல?"

"ரெண்டு இருந்தா இன்னும் நல்லதுதானே?"

ரெண்டும் ஒன்றையொன்று வைரஸ் என்று பிடித்து அடித்துக்கொண்டிருந்தன. சாரதாம்பாள் கண்ணை மூடித் திறந்தாள். தேடிப் பிடித்த குறிப்பைப் பார்த்துப் பார்த்து, தேவையானது மட்டும் ஓடுகிற சேஃப் மோடில் கம்ப்யூட்டரை எழுப்பினாள். புதிதாக வந்ததை நீக்கச் சொன்னதும், நிச்சயமாகவா என்று ஒரு பெட்டி கேட்டது. அவள் தோளுக்கு மேலாக ஒரு விரல் மவுஸை நோக்கி நீண்டது.

"கையை எடுங்க!"

விரல் பின்வாங்கியது. அவளே நிதானமாகப் படித்து, அவளே அழுத்தினாள்.

அதன்பின் கம்ப்யூட்டர் நீலமாகாமல் ஓடியது. ஆனால் நான்காம் இயலில் கடைசியாக அடித்த பகுதி சேமிக்கப்படாமல் போயிருந்தது. அதைத் திரும்ப அடித்து, மீதியையும் முடிக்க வேண்டும். தாளைப் பார்த்து வாசிக்கும் வேலையைக் கணவரிடமே கொடுத்தாள். மடைக்கும் மடிக்கும் வித்தியாசம் தெரியாமல், கமாவையும் முற்றுப்புள்ளியையும் கடையில் கணக்குச் சொல்வதுபோல் உரக்கச் சொல்லி, மறுநாள் மதியம் வரை வாசித்தார். மடைக்காக மட்டும் இரண்டு தடவை சண்டை வந்தது.

முத்துமீனா வந்து வாங்கிக்கொண்டு போனாள். அவள் படியிறங்கியதும் சாரதாம்பாள் கம்ப்யூட்டருக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டாள். என்னவென்று அவர் கேட்டார்.

"மறந்துபோச்சு," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆய்வேட்டை எடுத்தாள்.