பலம் மூன்று

கப்பல் பழுதாகித் துறைமுகத்தில் நின்றபோது, அதன் ரேடியோ அதிகாரி, துறைமுகத்தை அடுத்த ஓர்ஸ் ஹில் பகுதியிலிருந்த எங்கள் விடுதியில் தங்கினார். கண்கள் குழிந்த மனிதர். தாயக்கட்டை உருட்டிச் சண்டை பிடிக்கும் விளையாட்டொன்றை எங்களுக்குப் பழக்கினார். எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கற்பனை வீரன். அவனுடைய பலம் தாளில் இலக்கமாக இருக்கும். அவன் உட்காருவதற்கென்று பக்கத்தில் ஒரு வெறுங்கதிரையும் போடுவார்.

நான் சிலம்பம் பழகியவன். என் வீரனுக்கோ பலம் மூன்று.

"காலில அடிச்சு விழுத்துவன்," என்றேன்.

"அடி உங்களுக்குத் தெரியும், தம்பி. அவனுக்குத் தெரியாதே."

தோற்றால் வீரன் செத்துவிடுவான். அவர் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனதும் தாளில் மூன்றை எட்டாக்கினேன்.

திரும்பியவர் தாளைப் பார்க்கவில்லை, கதிரையைப் பார்த்தார்.

"இது ஆர்? மெலிஞ்ச பொடியன் எங்க?"

"அவன்தான் இவன்."

"இல்லை. அவன் பயந்து பயந்தெண்டாலும் உங்களோட வந்தவன்."

தாயக்கட்டைகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அந்தப் பொடியனின் முகத்தை அவர் கண்டிருக்கிறார். அவனை அழித்த நான் ஒருநாளும் கண்டதில்லை.