அன்னத்தின் கழுத்தும் ஆற்காட்டுக் கோட்டையும்

நான் ஏமாற்றி ஜெயித்தேன். ஒரு தடவை அல்ல, ஏறக்குறைய ஒரு வருடம். ஏமாந்தவர் என் நண்பர். ஆட்டம், ஆற்காட்டுக் கோட்டை முற்றுகையை மேசை மேல் சின்னச் சின்னப் பொம்மைகளை வைத்து நடத்தும் போர். எழுபத்து நான்கு வயதுக்காரன் பொம்மை விளையாட்டில் செய்த கள்ளத்தனம்தானே என்று சிலர் நினைக்கலாம். அதனால் அவருக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தபின் அப்படி நினைக்க மாட்டார்கள்.

நண்பர் முசரவாக்கம் கிராமத்தில் பிறந்தவர். தாத்தா காலம் வரை அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்த குடும்பம். அவர் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் 'காயில்' கட்டும் வேலையைக் கற்றுக்கொண்டு, காஞ்சிபுரத்தில் சொந்தக் கடை போட்டார். நான் அதே ஊரில் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். தறியில் உட்காராமல் கல்லூரிக்குப் போய், முப்பது வருடம் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டு போர்வெல் மோட்டாரைப் பழுது பார்க்க வந்தபோது அவர் என் மேசையில் கிடந்த புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "யானை நெத்தியில இரும்புத் தகடு கட்டி கோட்டைக் கதவ இடிக்க வுட்டாங்களாமே, நெஜமா சார்?" என்று கேட்டார். அப்படித்தான் பழக்கம் தொடங்கியது.

அந்த முற்றுகையின் கதை சுருக்கமானது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிறு படை ஒன்று ஆற்காட்டுக் கோட்டைக்குள் அடைந்து கிடந்தது. அதைப் போலப் பல மடங்கு பெரிய நவாப் தரப்புப் படை வெளியே சூழ்ந்து நின்றது. ஐம்பது நாள். கடைசியில் யானைகளைக் கதவை நோக்கி ஓட்டினார்கள். அவை துப்பாக்கிச் சூட்டில் மிரண்டு, திரும்பி, ஓட்டிவந்தவர்களையே மிதித்தன. முற்றுகை முறிந்தது.

வெளிநாட்டில் வயதானவர்கள்கூட இப்படிப் போர்களைப் பொம்மை வைத்து ஆடுவதை நண்பர் செல்போனில் பார்த்திருந்தார். நாமும் செய்யலாம் என்றார். காயில் கட்டி மிஞ்சிய செப்புக் கம்பியை முறுக்கி, மேலே, காய்ந்தால் கல்லாக இறுகும் எபாக்சி மாவைப் பூசி, சுண்டுவிரல் உயரத்தில் சிப்பாய்கள் செய்தார். யானைகளின் நெற்றியில் ஒட்டத் துத்தநாகத் தகடு வெட்டினார். கடையின் பின்னறையில் பிளைவுட் கோட்டை எழுந்தது. நான் புத்தகங்களிலிருந்து அளவுகளைச் சொன்னேன். விதிகள் எல்லாம் அவர் மூளையில் பிறந்தவை. இரண்டு வருட உழைப்பு.

சோறு குறைந்தபோது கோட்டைக்குள் இருந்த நம் சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, வடித்த கஞ்சியை மட்டும் குடித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அதையும் விதியாகச் சேர்க்கலாம் என்றேன்.

"சோறு அவனுக்கு, கஞ்சி நமக்கு. இத எழுதினது யாரு சார், சோறு துன்னவன்தானே?" என்றார். ஆனாலும் சேர்த்தார்.

வெளியே நிற்கும் படை எப்போதும் அவருடையது. "உள்ள குந்திக்கினு இருக்கறது உங்களுக்குத்தான் சார் சரிப்படும்" என்பார்.

சுட்டது பட்டதா இல்லையா என்று தீர்மானிக்க மற்றவர்கள் தாயக்கட்டை உருட்டுவார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. "இது காஞ்சிபுரம். நம்ம ஊர் சாமான்ல செய்யணும்" என்று, பழைய சாமான் கடையிலிருந்து ஜக்கார்டு அட்டைச் சரம் ஒன்றை வாங்கி வந்தார். சேலையில் உருவம் விழுவதற்காகத் தறியின் மேலே சுற்றும் ஓட்டை போட்ட அட்டைகள் அவை. ஒவ்வோர் அட்டையும் குறுக்கே ஓடும் ஓர் ஊடை இழைக்கு. ஆறு ஜன்னல் வெட்டிய தகடு ஒன்றை அட்டையின் மேல் வைப்பார். எத்தனை ஜன்னலில் ஓட்டை தெரிகிறதோ அத்தனை பேர் சாய்ந்தார்கள் என்று கணக்கு. ஒருவர் சுட்டதும் சரத்தில் ஓர் அட்டை நகரும். சுடாமல் காத்திருந்தால் நகராது, வெடிமருந்து மிச்சமாகும். மிச்சப்படுத்தியதை அடுத்தடுத்த முறைகளில் சேர்த்துச் சுடலாம்.

முதல் மூன்று ஆட்டங்களில் என் கோட்டை விழுந்தது. சரித்திரத்தில் விழாத கோட்டை. பத்தாவது படித்தவர் கையில் தோற்றது எனக்கு உறுத்தியது. அவர் அதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. நானேதான் நினைத்துக்கொண்டேன்.

நான்காவது ஆட்டத்தில் சரத்தைக் கூர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டுத் தறியில் பல வருடம் ஓடிய அன்னப்பட்சி டிசைன் அது. கால் பகுதியில் ஓட்டை குறைவு. உடம்பு வந்தால் அட்டை நிறைய ஓட்டை. கழுத்து வந்தால் மறுபடி ஒன்றோ இரண்டோ. நெசவு வீட்டில் வளர்ந்தவன் இதைப் படிக்கவே வேண்டாம், பார்த்தால் போதும். நண்பருக்கு ஓட்டை வெறும் ஓட்டை. அதிர்ஷ்டம் ஏன் கூட்டம் கூட்டமாக வருகிறது என்று அவரும் யோசித்தார். "சண்டைன்னா அலை அலையாத்தான் வரும் போல" என்று தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கால் வரும்போது நான் சுடாமல் காத்திருந்தேன். பயனில்லாத அட்டைகளையெல்லாம் அவர் செலவழித்தார். அன்னத்தின் உடம்பு வந்ததும் சேர்த்து வைத்த மருந்தை எல்லாம் சுட்டேன். அவருடைய யானைகள் ஆட்டத்துக்கு ஆட்டம் மிரண்டு திரும்பின. "என்னா பொறுமை சார் உங்களுக்கு" என்றார். நான் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதுதான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சென்னையில் இத்தகைய ஆட்டங்களை ஆடும் குழு ஒன்று இருக்கிறது. நண்பர் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு மூன்று பேர் வந்தார்கள். பிடித்திருந்தால் தங்கள் வருடாந்திரக் கூட்டத்தில் ஒரு மேசை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நண்பர் கடைக்கு வெள்ளையடித்திருந்தார். உருவாக்கியவர்களே ஆடிக் காட்டுங்கள் என்றார்கள். இரண்டு ஆட்டம் ஆடினோம். இரண்டிலும் அவர் படை நொறுங்கியது.

வந்தவர்களில் மூத்தவர் தன்மையாகத்தான் சொன்னார்: "பொம்மைங்க எல்லாம் பிரமாதம். ஆனா வெளிய இருக்கறவங்களுக்கு சான்ஸே இல்லையே. பேலன்ஸ் இல்லாத கேமை எங்க ஆளுங்க ஆட மாட்டாங்க. ரூல்ஸை மறுபடி பாருங்க."

நண்பர் தலையாட்டினார். அவர்களைப் பேருந்து நிலையம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, "எங்கியோ தப்பு வுட்டுட்டேன் சார்" என்றார்.

அதற்குப்பின் ஒன்பது மாதம் அவர் அந்தத் தப்பைத் தேடினார். இன்னொரு பீரங்கி சேர்த்தார். சுவரைத் தாழ்த்தினார். அகழியில் தண்ணீரைக் குறைத்தார். என்ன மாற்றினாலும் நான் ஜெயித்தேன். ஒருநாள், "பக்கம் மாத்திக்கலாமா சார்? நான் உள்ள இருக்கறேன்" என்று கேட்டார். மாற்றினால் வெளியிலிருந்தும் நானே ஜெயிப்பேன், குட்டு உடைந்துவிடும். கோட்டைக்குள் இருந்தவர்களின் மனநிலை எனக்குத்தான் பழக்கம் என்று ஏதோ உளறி மறுத்தேன். படித்தவர் சொல்கிறார் என்று விட்டுவிட்டார்.

பிறகு ஆடக் கூப்பிடுவதை நிறுத்தினார். ஒரு நாள் கடைக்குப் போனபோது, பொம்மைகளைக் காயில் கம்பி வந்த அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு நோட்டை என்னிடம் நீட்டினார். ஒவ்வோர் ஆட்டத்திலும் யார் எப்போது சுட்டார்கள், எத்தனை பேர் சாய்ந்தார்கள் என்று முழுவதும் எழுதி வைத்திருந்தார்.

"நீங்க படிச்சவரு, பாத்து சொல்லுங்க. எனக்கு இதுக்கு மேல மூளை வேலை செய்யல. நம்மளால ஆவற வேல இல்ல போல."

வீட்டில் அந்த நோட்டைப் படித்தேன். ஒரு பக்கத்தில், நான் காத்திருந்த இடங்களையெல்லாம் வட்டமிட்டு, 'சார் எப்படி முடிவு பண்றார்? கேக்கணும்' என்று எழுதியிருந்தார். ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்டால் நான் தப்பாக நினைப்பேன் என்று இருந்திருப்பார்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் போனேன். சரத்தை விரித்து, எது கால், எது உடம்பு, எது கழுத்து என்று காட்டினேன். எனக்கு முன்பே தெரியும் என்றும் சொன்னேன்.

ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நாலாவது ஆட்டத்திலேர்ந்து."

"மெட்ராஸ்காரங்க வந்தப்பவும்?"

"ஆமாம்பா."

ஜன்னல் தகட்டை எடுத்து ஓர் அட்டையின் மேல் வைத்துப் பார்த்தார். "அப்போ ரூல்ஸ்ல தப்பு இல்ல?"

"இல்லப்பா. அட்டையைக் கலைச்சுப் போட்டிருந்தா சரியா இருந்திருக்கும்."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா கலச்சிப் போட்டிருப்பேனே சார். அஞ்சு நிமிஷ வேல. ஒம்போது மாசமா நான் ஒரு முட்டாள்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீங்களும் எதிர்ல குந்திக்கினு பாத்துக்கினு இருந்தீங்க."

மன்னிப்புக் கேட்டேன். "சரி, போய்ட்டு வாங்க" என்றார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றே சென்னைக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். ஏமாற்றியது நான், ஆட்டத்தில் குறையில்லை, மறுபடி ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்று. சுற்றி வளைக்கவில்லை. நகலை நண்பரின் கடையில் கொடுத்தேன். அவர் எழுதி வைத்திருந்த விதிப் புத்தகத்தின் முகப்பில் அவர் பெயரோடு இருந்த என் பெயரை எடுத்துவிடும்படியும் சொன்னேன். வாங்கி வைத்துக்கொண்டார்.

அவர்கள் வந்தார்கள். நான் போகவில்லை. நண்பர் சரத்தின் நூலை அறுத்து, அட்டைகளைக் குலுக்கி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டாராம். வந்தவர்களே இரு பக்கமும் ஆடினார்கள். ஒரு தடவை கோட்டை நின்றது, ஒரு தடவை விழுந்தது. அந்த வருடக் கூட்டத்தில் மேசை கொடுத்தார்கள். நண்பர் பெட்டிகளோடு வேன் பிடித்துப் போய் வந்தார். இதெல்லாம் அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து, ஓர் ஆட்டம் ஆடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "உங்க கூட ஆட மாட்டேன் சார்" என்றார். முகத்தில் கடுப்பு இல்லை. வேலையைத் தொடர்ந்துகொண்டே சொன்னார்.

இப்போது செஞ்சிக் கோட்டையைச் செய்துகொண்டிருக்கிறார். மலை ஏறும் படை, பள்ளத்தாக்கு, மூன்று குன்று. உயரங்களைக் கேட்டுப் போன வாரம் போன் செய்தார். சொன்னேன். "எந்த புக்கு, எத்தினியாவது பக்கம்?" என்று கேட்டார். முன்பெல்லாம் அப்படிக் கேட்டதில்லை. புத்தகத்தையே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். பக்கத்தைத் திறந்து, என் எதிரிலேயே அளவைச் சரிபார்த்துவிட்டு, எழுதிக்கொண்டார்.