பாதி மாத்திரை

எனக்குப் பிரஷர் இருப்பது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். வெளியே மூச்சு விடாதே என்று அவளிடம் சொன்னவனும் நான்தான். செஞ்சி நெல் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவன் நான். ஒருத்தன் தலைசுற்றி லாரிப் பலகையிலிருந்து விழுந்ததிலிருந்து, பிரஷர்காரனுக்கு மூட்டை கிடையாது என்று மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார். நான் ஆஸ்பத்திரியில் பேர் கொடுத்தால், வீடு வீடாக வந்து மாத்திரை கொடுக்கிற சிஸ்டர் மாதாமாதம் வாசலில் நின்று என்னைக் கூப்பிடுவாள். சிங்கவரத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் கமிட்டி ஆட்கள். விஷயம் மேஸ்திரி காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்?

என் மனைவிக்கு எனக்கு முன்பே பிரஷர் வந்து, அந்தச் சிஸ்டரிடம் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தாள். அதைப் பாக்குவெட்டியில் வைத்து இரண்டாக நறுக்கி, பாதியை என் கையில் வைத்தாள். ரெண்டு பேருக்கும் கொஞ்சமாவது குறையட்டுமே என்றாள். அறுவடை சீசனில் அவளுடைய பாதியும் எனக்கே வந்துவிடும். மூட்டை தூக்குகிறவனுக்குத்தான் வேணுமாம். எருமை மாதிரி நானும் வாங்கி விழுங்கினேன். இப்படி நாலு வருஷம்.

சிஸ்டர் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பிரஷர் ஏறியே இருந்தது. உப்பைக் குறை, ஊறுகாயை நிறுத்து என்றாள். செஞ்சி டாக்டர் மாத்திரையைப் பெரிதாக்கினார். அதையும் நறுக்கினோம். வலி என்று ஒன்று வந்திருந்தால் பயந்திருப்போம். அந்தச் சனியன் ஒரு வலியும் காட்டவில்லை.

போன வைகாசியில் அவளுக்குக் கால் வீங்கியது. விடிந்தால் முகமும் உப்பியிருக்கும். ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்றாள். விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம், சிறுநீர், கண் எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: மோட்டார் அதிகமாகத் தள்ளினால் சொட்டுநீர்க் குழாய் அங்கங்கே கிழிகிற மாதிரி, கிட்னியில் இருக்கிற மெல்லிய ரத்தக்குழாய்கள் கெட்டுவிட்டன, கண்ணிலும் அதே கதைதான். பிறகு அவளைப் பார்த்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

"ஒருநாள்கூட வுட்டதில்ல சார்" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மேஸ்திரியாவது மண்ணாவது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டாக்டர் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"போனது திரும்பாதும்மா. மிச்சம் இருக்கிறதக் காப்பாத்தப் பாக்கலாம். முழு மாத்திரை, நாள் தவறாம. விட்டா டயாலிசிஸ்ல கொண்டுபோய் நிறுத்திடும்" என்றார். என்னையும் பரிசோதனைக்கு அனுப்பினார்.

சாயங்காலம் என் ரிசல்ட் வந்தது. பிரஷர் இருக்கிறது, மாத்திரை வேண்டும். ஆனால் கிட்னிக்கும் இதயத்துக்கும் ஒரு குறையும் இல்லை என்றாள் நர்ஸ். தன் ரிசல்ட்டைக் கேட்டபோது அழாதவள், இதைக் கேட்டு அழுதாள். நிஜம்தானா என்று நர்ஸிடம் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டாள். நான் பெஞ்சில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன். வீங்கின காலை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"எதுக்கு மூஞ்சத் தூக்கி வெச்சினு இருக்கிற? மாத்திரை வீணாப் போவல பாரு" என்றாள்.